உள்பக்கத் தாழ்ப்பாள்

எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி, வீரலட்சுமி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். எத்தனை பிள்ளைக்கு எத்தனை கக்கூஸ்?

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. திண்டுக்கல்லில் அரசு மாணவியர் விடுதி ஒன்றில் பதினாறு வருடமாகச் சமையல் வேலை பார்க்கிறவள் அவள். அறுபது பிள்ளைகளுக்கு அங்கே நாலு கக்கூஸ். காலை ஏழு மணிக்கு வாளியும் கையுமாக வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, பொம்பளைப் பிள்ளை படித்து மேலே வருவதற்கு மூளையைவிட, அடக்கிக்கொள்ளும் வயிறுதான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். அதனால் மகள் தீபா போனை நீட்டி, "அம்மா, இந்த கேம்பஸப் பாரேன், எம்புட்டு அழகு!" என்று உருகியபோதெல்லாம் அவள் லேசில் மசியவில்லை.

தீபா மூன்று பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுதி, மூன்றிலும் இடம் பிடித்திருந்தாள். மூன்றும் காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் போட்டி போடுகிற இடங்கள். தீபா எடுத்த மார்க்குக்குப் படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று கடிதமும் வந்துவிட்டது. அந்தப் பெயர்களெல்லாம் வீரலட்சுமியின் வாயில் நுழையவில்லை. தன் வசதிக்கு அவளே பெயர் வைத்துக்கொண்டாள். மலையடிவாரத்தில் இருப்பது மலைக்காரன். நட்ட நடுவில் மணிக்கூண்டு நிற்பது மணிக்கூண்டுக்காரன். சென்னைக்குத் தெற்கே ஒரு ஏரியையே வளைத்துப் போட்டுக் கட்டியிருப்பது ஏரிக்காரன்.

விடுதிச் சமையற்கட்டில் மத்தியானச் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே தாயும் மகளும் மூன்று பேரையும் எடைபோட்டார்கள்.

"மலைக்காரன்ட்ட ரூமுக்கும் கிளாசுக்கும் ரெண்டு கிலோமீட்டராம்மா. மரத்துக்கு ஊடால நடந்து போகலாம்."

"மழையில யாரு நடப்பா? அடுத்தவனச் சொல்லு."

"மணிக்கூண்டுல ஹாஸ்டல் நூறு வருசக் கட்டடம். அரமண மாதிரி இருக்கு."

"அப்பக் கக்கூஸும் நூறு வருசத்துக் கக்கூஸா இருக்கும். தள்ளு."

படம் காட்டுவதில் ஏரிக்காரன்தான் கெட்டிக்காரன். ஏரி நிறையத் தாமரை, கரை நெடுகக் கொன்றை மரம், புல்லில் குப்புறப் படுத்துப் புத்தகம் படிக்கிற பிள்ளைகள். ஏரி நடுவில் ஒரு திட்டு. திட்டின் மேல் ஓடு வேய்ந்த குட்டி வீடு ஒன்று.

"அது யாரு வீடு?"

"வாத்துக்கும்மா. வெள்ளை வாத்து நாலு இருக்கு. நாலுக்கும் பேரு வச்சு வாசல்ல பலகை மாட்டியிருக்காங்க பாரு."

வீரலட்சுமி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "வாத்துக்கே வீடு கட்டிக் குடுக்குறவன் புள்ளைகள நல்லாத்தான் வச்சுக்கிருவான்" என்றாள். இப்படிச் சொன்னதற்காகப் பிற்பாடு அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்ட திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கப்புறம் மாணவியர் விடுதி வந்தது. ஒரு அறைக்கு இரண்டு பேர். இரண்டு கட்டில், இரண்டு மேஜை, ஒரு ஜன்னல். வீடியோவில் பேசிய பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். தீபா அந்த இடத்தைத் திரும்பவும் ஓடவிட்டாள். பிறகு இன்னொரு முறை. மகள் ஏரியைப் பார்க்கவில்லை, தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறாள் என்பது வீரலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது.

புரியாமல் என்ன? நாகல் நகரில் அவர்கள் இருப்பது ஒரே அறை. நடுவில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டியிருக்கும், அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் மற்ற எல்லாம். அப்பா சோலைமுத்து ஆட்டோ ஓட்டிவிட்டு வந்தால் அவரைத் தேடி நாலு பேர் வருவார்கள். உடுப்பு மாற்றுவதென்றால்கூட அந்தப் பிள்ளை அப்பாவை வெளியே அனுப்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கத் தீபா படித்தது இந்த விடுதியின் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில். அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. பதினெட்டு வருடத்தில் உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள ஒரு கதவு அவளுக்கு வாய்க்கவில்லை.

"ஏரிக்காரன்ட்டயே போயிரு" என்றாள் வீரலட்சுமி. மற்ற இரண்டு இடத்துக்கும் அன்றைக்கே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

விடுதி விண்ணப்பத்தைப் போட்டது பேகம்பூரில், முகமது பாரூக்கின் பிரவுசிங் சென்டரில். பாரூக் பொறுமைசாலி. கட்டம் கட்டமாகப் படித்து, கேட்டு, தட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"அக்கா, லோக்கல் கார்டியன்னு ஒரு கட்டம் இருக்கு. சென்னையில உங்களுக்குச் சொந்தக்காரங்க இருந்தா போடலாம். இல்லாட்டி விட்றலாம், கட்டாயம்னு போடல."

"ஏன் இல்லாம? எங்கண்ணன் இருக்காரே, கூடுவாஞ்சேரியில. பெயிண்ட் கட வச்சிருக்காரு."

"அம்மா, வேணாம்மா" என்றாள் தீபா. "அதான் கட்டாயமில்லைங்குறாருல்ல."

"ஏண்டி, தாய்மாமன் பேரு போடுற எடத்த யாராச்சும் வெறுமனே விடுவாகளா?"

வீரலட்சுமியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பேர் போடும் கட்டம் என்றால் அவளுக்குத் தெரிந்தது பத்திரிகைதான். கல்யாணமோ காதுகுத்தோ, பத்திரிகையில் தாய்மாமன் பேர் அதற்குரிய இடத்தில் இருந்தாக வேண்டும். அவளுடைய சின்னம்மா வீட்டுக் காதுகுத்தில் அச்சுக்காரன் மாமன் பேரை ஒரு வரி கீழே இறக்கிப் போட்டுவிட்டான். அந்த மாமன் மண்டப வாசல் வரை வந்து பத்திரிகையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பியவர், ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவளுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட எப்படி மனசு வரும்?

"வீ. சங்கிலின்னு போடு தம்பி. முன்னால திரு போடு. கடைப் பேரையும் சேத்துக்க."

"கடைப் பேருக்கு எடம் இல்லக்கா" என்று பாரூக் சிரித்தான். முகவரியையும் போன் நம்பரையும் ஏற்றி அனுப்பினான். பத்திரிகை வைத்த நிம்மதியோடு வீரலட்சுமி அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னாள். அவரும் நல்ல காரியம் செய்தாய் என்று குளிர்ந்து போனார்.

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை விடுதிப் பட்டியல் வந்தது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த வீரலட்சுமிக்குப் பக்கத்தில் நின்றபடி தீபா போனில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"என்னத்தா?"

"எம்பேரு இல்லம்மா." போனை அம்மா பக்கம் நீட்டினாள். "லோக்கல் கார்டியன் முப்பது கிலோமீட்டருக்குள்ள இருக்குறதால ரூம் இல்லையாம். கார்டியன் வீட்டுல தங்கி வந்து போகணுமாம். மொத வருசப் பொண்ணுக வேற எங்கயும் வெளிய தங்கக் கூடாதாம்."

கடுகு கருகியது. வீரலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு, பட்டியலில் போட்டிருந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னாள்.

விடுதி அலுவலகத்தில் எடுத்தவனுக்குத் தேன் குரல். வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டான். "உங்களுக்குத்தான் இங்க ரிலேட்டிவ் இருக்காங்களே மேடம். யாருமே இல்லாதவங்களுக்குத்தானே முதல்ல ரூம் கொடுக்கணும்? டே ஸ்காலரா இருந்தாலும் உங்க பொண்ணு கேம்பஸ் முழுக்க யூஸ் பண்ணலாம். லைப்ரரி, லான், ஏரி எல்லாம்."

"ஏரியில போயி எம்புள்ள படுக்கவா செய்யும்?"

"மேடம், ரூம் கம்மி. இந்த வருஷம் ஸ்டூடண்ட்ஸ் ஜாஸ்தி."

"அம்புட்டு எடம் கெடக்கே, இன்னொரு கட்டடம் கட்டுனா என்ன?"

"கட்ட முடியாது மேடம். ஏரிக்கரையில கட்டடம் வந்தா கேம்பஸோட அழகு போயிடும். அழகான கேம்பஸ் லிஸ்ட்ல நாங்கதான் முதல் இடம். மேனேஜ்மென்ட் அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

வீரலட்சுமிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆக, ஏரி அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டும். பார்க்கிறவன் கண்ணுக்குக் குளிர்ச்சி, படிக்கிறவள் தலைக்குக் கூரை கிடையாது. இவளுடைய விடுதியில் அறுபது பிள்ளைகளுக்கு நாலு கக்கூஸ்தான், ஆனால் இடமில்லை என்று சொல்லி ஒரு பிள்ளையையும் அவர்கள் வாசலோடு அனுப்பியதில்லை. நெருக்கிப் படுங்கடி என்று பாயைப் போட்டுக் கொடுப்பாள்.

"அப்ப அந்த வாத்து வீடு?" என்று கேட்டாள்.

"சாரி மேடம்?"

"ஏரிக்கு நட்ட நடுவுல வாத்துக்கு வீடு கட்டி, பேரெழுதிப் பலகை மாட்டியிருக்கீகளே, அது மட்டும் அழகக் கெடுக்கலையாக்கும்?"

"அது லேண்ட்ஸ்கேப்பிங் மேடம்" என்றான். அப்புறம் அவசரமாக, திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் ஒரு காகிதம் வந்தால் பரிசீலிக்கலாம் என்றான். ஒன்று, தன் வீட்டில் தங்க வைக்க முடியாது என்று கார்டியனே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது, இங்கே எங்களுக்கு உறவினர் யாரும் இல்லை என்று பெற்றவர்கள் எழுதித் தர வேண்டும்.

போனை வைத்ததும் தீபா வெடித்தாள். "நீதானம்மா போடச் சொன்ன! நான் வேணாம் வேணாம்னேன். கட்டாயமில்லைன்னு பாரூக் அண்ணனும் சொன்னாரு. மாமன் பேரு, மாமன் பேருன்னு நீதான் குதிச்ச. இப்ப அந்த மாமன் வீட்டுக்கு நான் போகணும். அங்க என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

வீரலட்சுமிக்குத் தெரியும். சங்கிலிக்கு ஒரு மகன், முகேஷ்குமார். தீபாவுக்கு முறைப்பையன். அவன் சின்னப் பையனாக இருக்கும்போது "வாங்க மருமகனே" என்று கன்னத்தைக் கிள்ளியவளே இவள்தான். விளையாட்டுக்குச் சொன்னதை அண்ணன் வீட்டில் எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பெண் அந்த வீட்டில் போய்த் தங்கினால், நாலு மாதத்தில் படிப்பெதற்கு என்பார்கள், ஆறு மாதத்தில் பத்திரிகை அடிப்பார்கள்.

"மச்சான் ஞாயித்துக்கெழம கெடா வெட்டுக்கு வாராருல்ல" என்றார் சோலைமுத்து, வீட்டில் விஷயத்தைக் கேட்டுவிட்டு. "பக்குவமாச் சொல்லிக் கையெழுத்து வாங்கிருவோம். நீ வாய விட்றாத லட்சுமி."

வீரலட்சுமியின் பிறந்த வீட்டுக் குலசாமி நத்தம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து சொந்தபந்தம் அறுபது எழுபது பேர் சாப்பிட்டார்கள். சங்கிலி வெள்ளைச் சட்டையும் கழுத்துச் சங்கிலியுமாக இலைக்கு இலை நின்று, கறி போடு கறி போடு என்று அதட்டிக்கொண்டிருந்தார். எழுதிய காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வீரலட்சுமி காத்திருந்தாள்.

அவர் கை கழுவியதும் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு, அந்த ஹாஸ்டலுக்கா?" சங்கிலி பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். "அந்த ஆபீஸ்காரன் எனக்குப் போன வாரமே போன் போட்டான்த்தா. புள்ள தங்க ஒங்க வீட்டுல எடம் இருக்கான்னு கேட்டான். தாராளமா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையேண்ணே."

"ஒங்கிட்ட என்ன கேக்குறது? பேர நீதான போட்ட? மாடி ரூம ஒழிச்சு வச்சாச்சு. ஏலே முகேசு, அந்தத் தட்ட எடுத்துட்டு வா."

முகேஷ்குமார் தலையைக் குனிந்தபடி ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அதில் ஒரு பட்டுச்சேலை, பூ, தேங்காய், பழம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சபையில் வைத்து வாங்க வைத்துவிட்டால் அப்புறம் யார் மறுக்க முடியும் என்ற கணக்கு அவருக்கு.

"வாத்தா தீபா. மாமன் ஒனக்கு எடுத்த சேல. கையில வாங்கிக்க."

தீபா கையை நீட்டவில்லை. நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள். "அந்த மாடி ரூமுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா மாமா?"

சங்கிலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தாழ்ப்பாளா? அதெல்லாம் போன வாரமே கழட்டிப் போட்டாச்சு. பொம்பளப் புள்ள உள்பக்கம் பூட்டிக்கிட்டு என்ன செய்யப் போகுது? நம்ம வீட்டுல யாருக்கு யாரு அந்நியம்?"

மரத்தடியில் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். வீரலட்சுமி மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தட்ட உள்ள கொண்டு போகச் சொல்லுங்கண்ணே. எம்புள்ள படிக்கப் போறா. கையெழுத்துப் போடுவீகளா மாட்டீகளா?"

"மாட்டேன்." சிரிப்பு ஒரே நொடியில் போய்விட்டது. "நாலு பேரு முன்னால தட்டத் திருப்புறியா? யாரால எங்க நிக்கிறேன்னு மறந்துபோச்சா ஒனக்கு? ஒன் கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, இவ காதுகுத்துக்கு யாருடி வந்து நின்னது? சரி, அதெல்லாம் விடு. நாளைக்கு நீ செத்துக் கெடந்தா ஒனக்குக் கோடி கொண்டாந்து போட யாரு வருவா? அத நெனச்சுப் பாத்துப் பேசு."

கல்யாணமான பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை வாங்கி வந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் எடுக்கப்பட்ட பெண்ணைப் பற்றி ஊர் தலைமுறைக்கும் பேசும். நாதியற்றுப் போனாள் என்று பேசும். உடன்பிறந்தவன் வாயிலிருந்து அதைவிடக் கொடுமையாக எதுவும் வர முடியாது. வந்துவிட்டது, அதுவும் குலசாமி முன்னால், கறிச்சோற்று வாசத்துக்கு நடுவில்.

சோலைமுத்து "மச்சான், மச்சான்" என்று கையைப் பிசைந்தார். வீரலட்சுமி குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு தார் ரோடு வரை நடந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த வேகத்தில் தாடை வலித்தது.

தன் மேல் கோபம், அண்ணன் மேல் கோபம். எல்லாவற்றையும்விட அந்த ஏரிக்காரன் மேல்தான் அவளுக்குக் கொலைவெறி. இருக்கிற பிள்ளைகளுக்கு அறையைக் கட்டாமல், மாமன் வீடு இருக்கிறதா அத்தை வீடு இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டு, அவரவர் சொந்தத்தின் தலையில் கட்டிவிட்டால் தன் புல்வெளி மிச்சம் என்று நினைக்கிறான். அந்தச் சொந்தம் எப்படிப்பட்டது என்று அவனுக்கு என்ன கவலை? மாமன் என்றால் அவனுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒரு கட்டில், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்த கையோடு தீபாவைக் கூட்டிக்கொண்டு பேகம்பூருக்குப் போனாள்.

"அந்த ரெண்டாவது காகிதத்த அடி தம்பி. சென்னையில எங்களுக்குச் சொந்தம்னு யாரும் இல்லைன்னு."

பாரூக் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தான். "அக்கா, அவுங்க அவருக்குப் போன் போட்டு விசாரிப்பாங்களே. அவரு, நான்தான் தாய்மாமன்னு சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆயிரும். சீட்டே போயிரும்."

"தெரியும். நீ அடி. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால நான் ஒரு போன் பேசணும்."

பாரூக் அடித்து, அச்செடுத்து மேஜையில் வைத்தான். வீரலட்சுமி அதை ஒரு தரம் படித்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லித் தீபாவிடம் கொடுத்தாள். மகளும் கேட்கட்டும் என்றுதான்.

"என்னத்தா, கோவம் தணிஞ்சுச்சா?" என்றார் சங்கிலி. பின்னால் கடையில் பெயிண்ட் கலக்கும் இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"தணியல. அண்ணே, சென்னையில எங்களுக்குச் சொந்தம்னு யாரும் இல்லைன்னு எழுதிக் குடுக்கப் போறேன். பொய்யி எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல. அதான், மொதல்ல அத உண்மையாக்கிட்டுப் போடுவோம்னு போன் பண்ணேன்."

"என்னடி ஒளர்ற?"

"ஒளறல. இந்த நிமிசத்துல இருந்து எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல. ஒங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் வர மாட்டேன். எங்க வீட்டுக்கு நீங்க வர வேணாம். இனிமே எந்தப் பத்திரிகையிலயும் தாய்மாமன்னு ஒங்க பேரு இருக்காது. அந்த எடம் வெறுமனே கெடக்கும். கெடந்துட்டுப் போகட்டும்."

இயந்திரச் சத்தம் நின்றது. "லட்சுமி, நேத்து சொன்னத மறந்துறாத. கோடி இல்லாமப் போவ நீ. அநாதப் பொணமாப் போவ."

"போறேன். செத்தவளுக்குக் குளிரவா போகுது?" வீரலட்சுமி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "எனக்குச் செத்தப்புறம் போத்திக்கத் துணி வேணாம். எம்புள்ளைக்கு உசுரோட இருக்கையில சாத்திக்கக் கதவு வேணும். வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். பேனாவை வாங்கி, வீ. வீரலட்சுமி என்று கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறந்த வீட்டு இனிஷியல் அது, அப்பா வீரப்பனுடையது. ஒரு கணம் அதையே பார்த்தாள். அடித்துத் திருத்தவில்லை. பாரூக் காகிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினான். மணி மூன்றே முக்கால்.

நாலரைக்கு அந்தத் தேன் குரல்காரனே கூப்பிட்டான். இப்போது குரலில் தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. "மேடம், உங்க லெட்டர் வந்துச்சு. வெரிஃபை பண்றதுக்கு மிஸ்டர் சங்கிலிக்குப் போன் பண்ணினோம்."

தீபா அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அவரு ரொம்பக் கோபமாப் பேசிட்டார் மேடம். அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல, அந்தப் பொண்ணு என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு கத்தினார். அதனால கார்டியன் பேரை எடுத்துட்டோம். நாளை மறுநாள் ரூம் அலாட்மென்ட் வரும்."

அறை வந்தது. மூன்றாவது மாடி, கட்டடத்தின் பின்பக்கம். ஏரி தெரியாது, ஜெனரேட்டர் தெரியும். ஏரி தெரிகிற பக்கத்தில் விருந்தினர் மாளிகை இருக்கிறதாம், வருகிற பெரிய மனிதர்களுக்கு. அதைக் கேட்டபோது வீரலட்சுமிக்கு மறுபடி ஒரு சுற்றுக் கோபம் வந்து, அன்றைய வெஞ்சனத்தில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சின்னாளபட்டிக்குப் போய் ஒரு பருத்திச் சேலை வாங்கி வந்தாள். அரக்கு நிறம், பிரிக்காத மடிப்பு. அதைத் தீபாவின் பெட்டியில் அடியில் வைத்தாள்.

"நான் சேலை கட்டுறதில்லையேம்மா?"

"ஒனக்கில்ல, எனக்கு. கோடிச் சேல. அவன் கொண்டாந்து போட வேண்டியது. இனிமே நீதான் கொண்டாரணும்."

தீபா சேலையைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள். "பொண்ணு போடலாமாம்மா?"

"கேக்குறவகிட்ட, எங்காத்தா சொல்லிட்டுத்தான் செத்தான்னு சொல்லு. அது வரைக்கும் சும்மா கெடக்க வேணாம். அங்க போர்வ குடுக்க மாட்டாகளாம், எடுத்துப் போத்திக்க." தீபா அழ ஆரம்பித்தாள். "அழுகாத. பெட்டியப் பூட்டு" என்றாள் வீரலட்சுமி.

தீபாவைக் கொண்டுபோய் விட்டுவரச் சோலைமுத்து போனார். வீரலட்சுமி போகவில்லை. அந்த ஏரியை நேரில் பார்த்தால் ஏரிக்காரனை ஏதாவது கேட்டுவிடுவோம் என்று அவளுக்கே பயம். மறுநாள் காலை விடுதியில் அறுபது பிள்ளைகளுக்கு இட்லி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"போய்ச் சேந்துட்டியா? கக்கூஸ் எத்தன?"

"பத்துப் பேருக்கு ஒண்ணும்மா. சுத்தமா இருக்கு."

"அந்த வாத்தப் பாத்தியா?"

"பாத்தேன். வீட்டுக்குள்ளயே இருக்கு."

"அதுக்கும் ஆபீசுல காகிதம் கேட்டாகளான்னு விசாரி."

தீபா சிரித்தாள். பிறகு, "அம்மா, இப்ப கேளு" என்றாள். போனை எதன் பக்கமோ கொண்டுபோனாள். கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் இரும்பு இரும்பில் உரசி, டக்கென்று விழுகிற சத்தம்.

வீரலட்சுமி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். வெளியே வாளியோடு வரிசையில் நின்ற பிள்ளைகளின் கூச்சலில் சரியாகக் கேட்கவில்லை. சமையற்கட்டுக் கதவைக் காலால் தள்ளிச் சாத்திவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போடுத்தா" என்றாள்.